பொறியியல் மாணவர்களுக்குத் தொழில்நெறிப் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடிசார் பொறியியல் ஆசிரியர். சில ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் வேலை பார்த்த பிறகு கல்லூரிக்கு வந்தேன். தொழில்நெறிப் பாடத்தை எடுக்க யாரும் முன்வராத ஒரு பருவத்தில் அது என் பெயருக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நானே கேட்டு வாங்கி நடத்தி வருகிறேன். மாணவர்களும் பெற்றோரும் உடன் பணியாற்றும் ஆசிரியர்களும் இந்தப் பாடத்தைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சரி எது, தவறு எது என்று தெரியாமலா மாணவர்கள் கல்லூரிக்கு வருகிறார்கள்?

தெரிந்துதான் வருகிறார்கள். பொய்க்கணக்கு எழுதக் கூடாது, பிறர் உயிரோடு விளையாடக் கூடாது என்பதைப் பதினெட்டு வயது மாணவருக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டிலும் பள்ளியிலும் நீதிநூல்களிலும் அது ஏற்கெனவே கற்பிக்கப்பட்டுவிட்டது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு தவறு, தவறு என்ற பெயரோடு அவர் முன்னால் வந்து நிற்பதில்லை. அது ஓர் அவசரமாகவோ, மூத்தவர் ஒருவரின் அன்பான வேண்டுகோளாகவோ, எல்லாத் தளத்திலும் உள்ள வழக்கமாகவோதான் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கான்கிரீட் போடும்போது அதிலிருந்து மாதிரி எடுத்து 150 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வார்த்து, 7 நாளிலும் 28 நாளிலும் அழுத்திச் சோதிப்பார்கள். தளத்தில் இதற்குக் க்யூப் டெஸ்ட் என்று பெயர். தூணுக்குப் போகிற கலவையிலிருந்தே அந்த மாதிரியை எடுக்க வேண்டும். சில இடங்களிலோ க்யூபுக்கு மட்டும் சிமெண்டைக் கூட்டித் தனியாகக் கலந்து வார்ப்பதுண்டு. புதிதாகச் சேர்ந்த சைட் இன்ஜினியரிடம் இதை யாரும் மோசடி என்று சொல்லமாட்டார்கள். "க்யூபுக்கு நல்லா கலந்து போடுப்பா" என்று மேஸ்திரியிடம் ஒருவர் சொல்வார், அவ்வளவுதான். அந்தச் சாதாரண வாக்கியத்துக்குள் ஒரு பொய்ச் சான்றிதழ் இருப்பதை அந்த நொடியிலேயே காண்பதற்குக் கண் பழக வேண்டும். கண்ட பிறகு வாய் திறந்து பேசுவதற்கும் பழக்கம் வேண்டும். இந்த இரண்டுக்காகவும்தான் பாடம் தேவைப்படுகிறது.

தொழில்நெறி என்பதும் சட்டம் என்பதும் ஒன்றுதானே?

சட்டம் செய்யக் கூடாதவற்றின் கீழ்எல்லையைக் குறிக்கிறது. தொழில்நெறியோ, ஒரு தொழிலின் அறிவு தன்னிடம் இருப்பதாலேயே ஒருவருக்கு ஏற்படுகிற கடமையைப் பற்றியது. அந்தத் தூணில் எத்தனை கம்பி இருக்கிறது என்பதை அந்த வீட்டில் குடியேறப் போகிறவரால் ஒருநாளும் பார்க்க முடியாது. பார்த்தவர் பொறியாளர் ஒருவர்தான். அவர் பார்த்ததாகச் சொல்வதை நம்பி ஒரு குடும்பம் அதன் கீழே தூங்குகிறது. பல நாடுகளின் பொறியாளர் நெறித்தொகுப்புகள் பொதுமக்களின் பாதுகாப்பு, உடல்நலம், நல்வாழ்வு ஆகியவற்றை முதல் கடமையாக வைத்து, முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் செய்ய வேண்டிய கடமையை அதற்கு அடுத்தபடியில் வைப்பதற்கு இதுவே காரணம்.

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இது வேண்டியதுதான். பொறியாளருக்கும் அந்த அளவுக்கு வேண்டுமா?

இந்தியாவில் அவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும் என்பது என் கருத்து. வழக்கறிஞருக்கு 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி பார் கவுன்சில் இருக்கிறது; பட்டயக் கணக்காளருக்கு 1949-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த நிறுவனம் இருக்கிறது; கட்டடக் கலைஞருக்கு 1972-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது; மருத்துவருக்கு மருத்துவ ஆணையம் இருக்கிறது. தவறு செய்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிட அவர்களது துறைகளில் வழி உண்டு. எல்லாப் பொறியாளர்களையும் பதிவுசெய்து, நெறி தவறினால் பதிவை ரத்து செய்கிற அதைப் போன்ற தேசிய அமைப்பு நம்மிடம் இல்லை. கட்டட அனுமதிக்காக உள்ளாட்சி அமைப்புகளும் வளர்ச்சிக் குழுமங்களும் கட்டமைப்புப் பொறியாளர்களைப் பதிவுசெய்கின்றன என்றாலும், அது துறையின் ஒரு மூலை மட்டுமே. பட்டம் வாங்கிய மறுநாள் முதல் ஒருவர் தம்மைப் பொறியாளர் என்று அழைத்துக்கொள்ளலாம். பிறகு அவருடைய தொழில் நடத்தையை யாரும் கேட்கப் போவதில்லை. வெளியே காவல் குறைவாக இருக்கும் துறையில் கல்லூரி வகுப்பறைக்குப் பொறுப்பு அதிகம்.

பாடத்திட்டத்தில் இது எங்கே இருக்கிறது?

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு முதலாண்டு மாணவர்களுக்கு வகுத்திருக்கும் மூன்று வார அறிமுகப் பயிற்சியில் மனித விழுமியங்கள் ஒரு பகுதி. அதே பெயரில் பின்னர் ஒரு தனிப் பாடமும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டங்களில் பொறியியல் தொழில்நெறி விருப்பப் பாடமாக நீண்ட காலம் இருந்துவந்திருக்கிறது. பொறியியல் பட்டப்படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 ஜூனில் நிரந்தர உறுப்பினர் ஆனது. அதையொட்டித் தேசிய அங்கீகார வாரியம் பட்டதாரிகளிடம் எதிர்பார்க்கும் பன்னிரண்டு திறன்களை வகுத்திருந்தது. அவற்றில் எட்டாவது தொழில்நெறி. இதுவரை எழுதியதெல்லாம் தாளில் இருப்பது. நடைமுறையில் அந்த எட்டாவது திறன் எத்தனை விழுக்காடு எட்டப்பட்டது என்று எக்செல் அட்டவணையில் நிரப்பும் வேலையில் பல கல்லூரிகளின் கவனம் தீர்ந்துபோவதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மருத்துவத்தில் 2019-ஆம் ஆண்டு சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல் மனப்பான்மை, நெறி, உரையாடல் ஆகிய மூன்றும் இணைந்த ஒரு பயிற்சி எல்லா ஆண்டுகளிலும் தொடர்ந்து வருகிறது. நோயாளியிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, சம்மதம் எப்படிப் பெறுவது என்றெல்லாம் அவர்கள் பேசிப் பழகுகிறார்கள். நெறியையும் உரையாடலையும் அவர்கள் ஒரே கயிற்றில் கட்டியிருப்பது நாம் பார்த்துக் கற்க வேண்டியது.

கனடாப் பொறியாளர்கள் இரும்பு மோதிரம் அணிவதாகச் சொல்கிறார்களே, அது என்ன?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகவே விடை சொல்வேன், ஏனென்றால் அதன் பின்னால் இருக்கும் கதையில் நம் மாணவர்களைப் போன்ற ஓர் இளைஞர் இருக்கிறார்.

கியூபெக் நகருக்கு அருகே புனித லாரன்ஸ் ஆற்றின் மேல் உலகின் மிக நீண்ட கான்டிலீவர் பாலம், அதாவது இரு பக்கத் தூண்களிலிருந்தும் கைபோல் நீளும் பாலம், ஒன்று கட்டப்பட்டு வந்தது. ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர், அமெரிக்காவில் பெரும்பெயர் பெற்றவர். உடல்நலம் குன்றியிருந்ததால் நியூயார்க்கில் இருந்தபடியே மேற்பார்வை செய்தார். நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டிய பிறகு பாலத்தின் தன்எடை புதிதாகச் சரிவரக் கணக்கிடப்படவில்லை. தளத்தில் அவருடைய கண்ணாக இருந்தவர் நார்மன் மெக்லூர். பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளே ஆன இளைஞர். 1907 ஆகஸ்டில் அழுத்தம் தாங்கும் கீழ்ப்பட்டைகள் சில வளைந்து வருவதை அவர் அளந்து பார்த்தார். கடிதம் எழுதினார். தொழிற்சாலையிலேயே வளைந்து வந்திருக்கும் என்று சிலர் வாதிட்டார்கள். வளைவு நாளுக்கு நாள் கூடியது. வேலையை நிறுத்தும் அதிகாரம் மெக்லூரிடம் இல்லை. எனவே ரயிலேறி நியூயார்க் சென்று ஆகஸ்ட் 29 அன்று கூப்பரை நேரில் கண்டார். மேலும் எடை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். ஆனால் அதைப் பாலத்துக்குக் கொடுக்காமல், பென்சில்வேனியாவில் இருந்த எஃகு நிறுவனத்தின் அலுவலகத்துக்குக் கொடுத்தார். அன்று மாலை, வேலை முடியும் நேரத்தில் பாலம் ஆற்றில் விழுந்தது. மேலே இருந்த 86 தொழிலாளர்களில் 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் காக்னவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர்.

மெக்லூர் கண்டார், அளந்தார், சொன்னார். ஆனால் யாரிடம் சொன்னால் வேலை நிற்குமோ அவரிடம் அந்தச் சொல் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. வகுப்பில் இந்தக் கதையை முடித்ததும் மாணவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: ஆகஸ்ட் 27 அன்று நீங்கள் மெக்லூராக இருந்திருந்தால், அந்தப் பாலத்தின் மேல் இருந்த ஃபோர்மேனிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதிகாரம் இல்லாதவர் பொறுப்பை எப்படிச் சுமப்பது என்ற கேள்வி அது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்தாண்டுகளில் நம் மாணவர்கள் இருக்கப் போகிற நிலையும் அதுவே.

கனடாவில் புதிய பொறியாளர்கள் தம் கடமைக்கு உறுதியேற்று இரும்பு மோதிரம் அணியும் சடங்கு 1925-இல் தொடங்கியது. டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹால்டெய்ன் அதற்கு முயற்சி எடுத்தார். விழுந்த பாலத்தின் இரும்பிலிருந்து முதல் மோதிரங்கள் செய்யப்பட்டன என்ற கதைக்கு ஆதாரமில்லை. வரைபடத்தில் எழுதும் கையின் சுண்டுவிரலில் அது அணியப்படுகிறது. கையெழுத்திடும் ஒவ்வொரு முறையும் இரும்பு காகிதத்தில் படும்.

சேலஞ்சர் விண்ணோடத்தை எல்லா ஊர் வகுப்புகளிலும் நடத்துகிறார்கள். அதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

1986 ஜனவரி 28 அன்று ஏவப்பட்ட 73 நொடிகளில் அந்த விண்ணோடம் சிதைந்து ஏழு பேர் இறந்ததும், முந்தைய இரவே மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் ரோஜர் பாய்ஜாலியும் அவருடைய தோழர்களும் கடுங்குளிரில் ராக்கெட் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் இறுக்கமாக அடைக்காது என்று எதிர்த்ததும் பலருக்குத் தெரியும். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணியும்படி ஒரு மேலாளர் இன்னொருவரிடம் சொன்னதும், முடிவு மாறியதும் பாடநூல்களில் உண்டு. வழக்கமாக நல்லவர், கெட்டவர் கதையாக இது முடிந்துவிடும்.

நான் அங்கே நிறுத்துவதில்லை. விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. வளையங்களில் பாதிப்பு ஏற்பட்ட பயணங்களை மட்டும் வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தால் தெளிவான தொடர்பு எதுவும் தெரியாது. பாதிப்பே இல்லாத பயணங்களையும் அதே படத்தில் சேர்த்தால் கண்ணில் அடித்தாற்போல் தெரியும்: சுமார் 18 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும் ஏவிய நான்கு பயணங்களிலும் பாதிப்பு இருந்தது, அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் ஏவிய 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே இருந்தது. ஏவும் நாள் காலையில் வெப்பநிலை 2 டிகிரி. முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் இந்த முழுப் படம் யார் முன்னாலும் வைக்கப்படவில்லை. அந்தப் பொறியாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சில மணி நேரத்தில் தயாரித்த தாள்களோடு அவர்கள் போராடினார்கள். ஆனாலும், மறுப்பவருக்கு மனச்சாட்சியோடு நல்ல வரைபடமும் வேண்டும் என்பதை மாணவர் இந்த இடத்தில் கற்கிறார். புள்ளியியல் வகுப்பும் தொழில்நெறி வகுப்பும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

வெளிநாட்டுக் கதைகள் எதற்கு? நம் நாட்டில் இல்லையா?

இருக்கின்றன, நெஞ்சு கனக்கும் அளவுக்கு இருக்கின்றன. போபாலில் 1984 டிசம்பர் 2 இரவும் 3 அதிகாலையும் நச்சுவாயு கசிந்தபோது, அதைத் தடுக்க வேண்டிய ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் செயலற்றிருந்தன: தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது; வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது; வாயுவைக் கழுவும் அமைப்பு அவ்வளவு பெரிய கசிவுக்குப் போதவில்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தியபோது ஏதோ ஒரு படிவத்தில் யாரோ கையெழுத்திட்டிருப்பார்கள். அந்தக் கையெழுத்துகளில் எதுவும் தனியாக ஆயிரக்கணக்கானோரைக் கொல்லும் அளவு பெரிதாகத் தோன்றியிருக்காது. மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இந்தச் சின்னக் கையெழுத்துகளைப் பற்றித்தான்.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, என் மாணவர்கள் சிலர் அதே பகுதியில் பயிற்சியில் இருந்தார்கள். பக்கத்தில் நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மண் ஆய்வு, தூணின் அளவு, வரைபடத்தில் கையெழுத்து, தளத்தில் மேற்பார்வை என்று ஒரு கட்டடத்தின் பாதையில் எத்தனை மனிதர்கள் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று கணக்கெடுப்பதை வகுப்பில் ஒரு பயிற்சியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பத்துக்கு மேல் வருகிறது. பத்துப் பேர் பார்க்க வேண்டிய இடத்தில், மற்ற ஒன்பது பேர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவது எவ்வளவு எளிது என்பது அப்போது அவர்களுக்குத் தானாகவே புரிகிறது.

வகுப்பில் படிப்பதால் ஒருவரின் நடத்தை மாறிவிடுமா?

படிப்பதால் மட்டும் மாறாது. 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இதற்காகவே முதல் வாரத்தில் நடத்துகிறேன். பிரின்ஸ்டனில் குருமாராகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் 40 பேரைப் பக்கத்துக் கட்டடத்தில் போய் உரையாற்றச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பதுபோல் ஏற்பாடு செய்தார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே உதவினர். உதவியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைவு குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை.

இதைக் கேட்டதும், அப்படியானால் பாடமே வீண் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அது எதிர்த்திசையில் வழிகாட்டுகிறது. அவசரம்தான் மனிதரை மாற்றுகிறது என்றால், அவசரத்தில் என்ன செய்வது என்பதைப் பழக்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சியை யாரும் புத்தகத்தை மட்டும் வைத்து நடத்துவதில்லை.

அப்படிப் பழக்குவது எப்படி? வகுப்பில் உண்மையில் என்ன செய்கிறீர்கள்?

ஒரு சூழலைக் கொடுத்து, அதில் முதல் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். ஒரு நாள் வகுப்பை அப்படியே எழுதுகிறேன்.

எம்25 என்ற வலிமைத் தரத்துக் கான்கிரீட்டில் போட்ட தூண்கள். 28 நாள் க்யூப் முடிவு தேவையைவிடக் குறைவாக வந்திருக்கிறது. நாளைக் காலை மேல்தளம் போட ஆள், மிக்ஸர், பம்பு எல்லாம் சொல்லியாகிவிட்டது. திட்ட மேலாளராக நான் நாற்காலியில் அமர்ந்து, "ரிப்போர்ட்ல ரெண்டு நம்பரை ஏத்திப் போட்டுக் கையெழுத்துப் போடு தம்பி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பேன். எதிரே நிற்கும் மாணவர் பெரும்பாலும் "சார், அது தப்பு சார்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார். அதற்கு மேல் சொல் வராது. நான், "தப்புன்னா நாளைக்கு வேலையை நிறுத்திடலாமா? ஒரு நாள் கூலியை உங்க அப்பாவா குடுப்பாரு?" என்று அழுத்துவேன். மூன்றாவது சுற்றில் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இது வெறும் வகுப்பறை, நான் வெறும் ஆசிரியர், அப்படியிருந்தும் போட்டுவிடுகிறார்கள்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். க்யூப் தோற்றால் உடனே கட்டடத்தை இடிக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் கான்கிரீட்டிலிருந்தே உருளையாக வெட்டியெடுத்து, அதாவது கோர் எடுத்து, சோதிக்கலாம். அவற்றின் சராசரி வலிமை உரிய க்யூப் வலிமையில் 85 விழுக்காட்டை எட்டி, எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் இருந்தால் ஏற்கலாம் என்று அந்த விதிநூல் வழி சொல்கிறது. இது தெரிந்த மாணவர் அடுத்த முறை எழுந்து நின்று, "சார், இந்த எண்ணை மாத்தி என்னால எழுத முடியாது. ஆனா இன்னிக்கே கோர் எடுக்க ஏற்பாடு பண்ணலாம். முடிவு சரியா வந்தா எந்தப் பயமும் இல்லாம மேல்தளம் போடலாம், அதுவரைக்கும் அந்த ஆட்களை வேற வேலைக்கு மாத்திக்கலாம்" என்று சொல்கிறார். மறுப்பும் இருக்கிறது, மேலாளருக்கு ஒரு வழியும் இருக்கிறது. தொழிலை நன்றாகத் தெரிந்தவருக்கே நேர்மையாக இருப்பது சற்று எளிது என்று நான் நம்புவதற்கு இந்தப் பயிற்சி காரணம். தெரியாதவருக்குக் கையெழுத்துப் போடுவதா, வேலையை விடுவதா என்ற இரண்டு வாசல்தான் தெரிகிறது. தெரிந்தவருக்கு மூன்றாவது வாசல் தெரிகிறது.

அதே நாள் மாலை, நடந்ததை அரைப் பக்கக் கடிதமாகவும் எழுத வைக்கிறேன். யார் மீதும் குற்றம் சுமத்தாமல், தேதி, அளவு, விதி எண், தம் பரிந்துரை ஆகியவற்றை மட்டும் எழுத வேண்டும். இந்தக் கடிதம் எழுதக் கற்பதற்குப் பாதிப் பருவம் ஆகிறது.

மறுத்தால் வேலை போய்விடுமே? கல்விக் கடன் இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குப் பொய்யான தைரியம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். போகலாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சத்யேந்திர துபே தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தும் அது பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது கொள்ளை முயற்சியில் நடந்த கொலை என்று சி.பி.ஐ. முடிவு செய்தது, ஆனாலும் பெயரோடு சுற்றிய அந்தக் கடிதத்தை நாடு மறக்கவில்லை. முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014-இல் நிறைவேறியும் பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்தது.

எனவே மாணவர்களைத் தியாகிகளாக்க நான் வகுப்பு எடுப்பதில்லை. படிகள் இருக்கின்றன என்று கற்பிக்கிறேன். முதலில் நேரில் பேசலாம். பிறகு எழுத்தில் கேட்கலாம். வாய்மொழி உத்தரவை "நீங்கள் இன்று சொன்னபடி" என்று தொடங்கும் ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பினாலே பல உத்தரவுகள் அன்று மாலையே திரும்பப் பெறப்படுவதைத் தளத்தில் கண்டிருக்கிறேன். தனியாக நிற்காமல் உடன் பணிபுரியும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். மூத்த பொறியாளர் ஒருவரிடம் கருத்துக் கேட்கலாம். இவை எதுவும் பலிக்காதபோது வேறு வேலை தேடிக்கொண்டு விலகலாம். வெளியே புகார் செய்வது கடைசிப் படி. உயிர்கள் உடனடி ஆபத்தில் இருக்கும்போது மட்டும் அது முதல் படியாகலாம். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைச் சேமித்து வையுங்கள் என்றும் சொல்வேன். தொழில்நெறி வகுப்பில் சேமிப்பைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் அடுத்த மாத வாடகை கையில் இருப்பவரின் குரல் நடுங்குவதில்லை.

நாமே தவறு செய்துவிட்டால்?

நியூயார்க்கில் 1977-இல் முடிந்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தின் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெசூரியர், மறு ஆண்டு, மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அதன் இணைப்புகள் போதாது என்று கண்டார். பற்றவைத்திருக்க வேண்டிய இணைப்புகள் போல்ட்டால் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு மாணவி தம் ஆய்வேட்டுக்காக எழுப்பிய கேள்வியும் அவரை மறுகணக்குக்குத் தள்ளியவற்றில் ஒன்று என்று கூறப்படுகிறது. அவர் தாமாகவே உரிமையாளரிடம் சொன்னார். இரவுகளில் எஃகுத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் 1995 வரை பொதுமக்களுக்கு அது சொல்லப்படவில்லை. அவரைப் போற்றுவதா, மறைத்ததற்காகக் குறைசொல்வதா என்று என் வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பக்கமும் முழுதாக வெல்லாத ஒரு பாடம் மாணவர்களுக்கு அவசியம்.

நான் மென்பொருள் நிறுவனத்துக்குப் போகப் போகிறேன். தூணும் பாலமும் எனக்கு எதற்கு?

ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் சோதனைக்கூடத்தை அடையாளம் கண்டு, அங்கே மட்டும் புகையைக் கட்டுப்படுத்திவிட்டுச் சாலையில் பல மடங்கு நச்சுப்புகை விட்டது ஒரு மென்பொருள்தான். 2015 செப்டம்பரில் அது வெளிப்பட்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது இருந்தது. 2017-இல் ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. மேலிடம் சொன்னதைச் செய்தேன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. க்யூபுக்கு மட்டும் சிமெண்டைக் கூட்டுவதும் சோதனைக்கு மட்டும் புகையைக் குறைப்பதும் ஒரே செயல் என்று ஒரு கணினித் துறை மாணவிதான் வகுப்பில் முதலில் கண்டுபிடித்தார்.

ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதெல்லாம் பெரிய தவறா, சார்?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இது. கேட்பவர் மாணவர், ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாங்கள்.

ஆய்வகத்தில் வராத அளவீட்டை முந்தைய ஆண்டு ரெக்கார்டிலிருந்து எடுத்து எழுதுகிறார்கள். விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண், வராவிட்டால் "திரும்ப எழுதிட்டு வா" என்று சொல்கிறோம். திரும்பச் செய்துவிட்டு வா என்று சொல்வதில்லை. இறுதியாண்டுத் திட்டப்பணியைப் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அது வாங்கியது என்று வழிகாட்டிக்குத் தெரியும், வழிகாட்டிக்குத் தெரியும் என்று மாணவருக்கும் தெரியும். அதன் முதல் பக்கத்தில், இது எங்கள் சொந்தப் பணி என்ற உறுதிமொழியின் கீழ் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். போகாத பயிற்சிக்குச் சான்றிதழ் வருகிறது. ஆய்வுக்குழு வரும் வாரத்தில், நடக்காத கூட்டங்களுக்கான குறிப்பேடுகள் எழுதப்படுகின்றன. எழுத உதவுவதும் மாணவர்களே.

ஒரு மாணவரின் வாழ்வில் முதல் பொய்க் கையெழுத்து கட்டுமானத் தளத்தில் விழுவதில்லை. அது எங்கள் கண் முன்னால், எங்கள் அனுமதியோடு விழுகிறது. நான்கு ஆண்டுகள் இதைப் பழக்கிவிட்டு, ஒரு பருவத்தில் வாரம் மூன்று மணி நேரம் தொழில்நெறி நடத்துவதில் என்ன பயன் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். என் ஆய்வகத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். தவறாக வந்த அளவீட்டை அப்படியே எழுதி, ஏன் தவறாக வந்திருக்கும் என்று இரண்டு பத்தி விளக்குபவருக்கு முழு மதிப்பெண். முதல் மாதம் யாரும் நம்பவில்லை. இரண்டாவது மாதத்திலிருந்து ரெக்கார்டுகளில் உண்மையான எண்கள் வரத் தொடங்கின. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், திருத்த அதிக நேரம் பிடிப்பனவாக இருந்தன. அந்த ரெக்கார்டுகளைத் திருத்துவது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆகவே கேட்ட மாணவருக்கு என் விடை: ஆம், தவறு. ஆனால் அதில் பெரும்பங்கு எங்களுடையது.

தேர்வில் எப்படி மதிப்பெண் தருவது?

வரையறை எழுதச் சொல்லும் வினாக்களைக் கூடியவரை குறைக்கலாம். நெறிகளின் வகைகளைப் பதினாறு மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதியவரைப் பற்றி அந்த விடைத்தாள் எனக்கு எதுவும் சொல்வதில்லை. முன்பு சொன்ன கடிதத்தையே தேர்வாக வைத்தால், சிந்தனையும் தொழிலறிவும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

இதை யார் நடத்த வேண்டும்?

அந்தந்தத் துறையின் ஆசிரியர்கள். மெய்யியல் படித்தவர்கள் கூட இருந்தால் மிகவும் நல்லது. கடமையையும் விளைவையும் பிரித்துப் பார்க்கும் கூர்மையை அவர்களிடமிருந்து நான் கற்றிருக்கிறேன். ஆனால் கோர் எடுக்கலாம் என்ற மூன்றாவது வாசலைத் துறைக்காரரால்தான் காட்ட முடியும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது தளத்திலிருந்து ஒருவரை அழைத்துவர வேண்டும். சாதித்ததைச் சொல்பவரைவிட, எங்கே தளர்ந்தேன் என்று சொல்லக்கூடியவரை அழைப்பது நல்லது. அப்படி ஒருவர் பேசிய நாளில் மணியடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எந்தப் பருவத்தில் வைப்பது நல்லது?

முதலாண்டில் அறிமுகம் போதும். முக்கியமான பகுதியை மாணவர்கள் தளப்பயிற்சிக்குப் போய்வந்த உடனே வைக்க வேண்டும். அப்போது அவர்களிடம் சொந்தக் கேள்விகள் இருக்கும். இரண்டு வாரப் பயிற்சி முடித்து வந்த ஒரு மாணவி வகுப்பு தொடங்கும் முன்பே எழுந்து, தளத்தில் தம்மை நாள்தோறும் கம்பி எண்ணிக்கை சரிபார்த்ததாகப் பட்டியலில் டிக் போடச் சொன்னார்கள் என்றும், தமக்கு மேலே ஏறிப் பார்க்க அனுமதி தரப்படவில்லை என்றும், தாம் மூன்று நாள் டிக் போட்டுவிட்டு நான்காம் நாள் "பார்க்கவில்லை" என்று எழுதியதாகவும் சொன்னார். அந்தப் பட்டியலை வாங்கியவர் என்ன செய்தார் என்று வகுப்பே கேட்டது. "ஒண்ணும் சொல்லல. அடுத்த நாள் என்னை மேல கூட்டிட்டுப் போனாங்க," என்றார். அன்று நான் தயாரித்துப் போயிருந்த பாடத்தை மூடிவைத்துவிட்டு, முதல் மூன்று நாள் டிக்குகளை இப்போது என்ன செய்வது என்பதைப் பற்றியே இரண்டு மணி நேரமும் பேசினோம்.